வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒரு நாய்

தூசி எங்கள் வீட்டுக்கு வந்த முதல் 17 நாளும் வாஷிங் மெஷினுக்குப் பின்னால்தான் இருந்தாள். 17 என்று இவ்வளவு சரியாக ஞாபகம் இருப்பதற்குக் காரணம் பாசம் எல்லாம் இல்லை. அத்தனை நாளும் வீட்டுத் துணி முழுவதையும் கையால் துவைத்தது நான். மெஷினை ஓட்ட முடியாது. ஒருமுறை மறந்துபோய் அதன் குழாயைத் திறந்ததற்கே, இருந்த இடத்தில் மூத்திரம் போய்விட்டாள்.

பின்னங்கால் முறிந்து கிடந்த தெருநாய். பொறிக்கூண்டு வைத்துப் பிடித்து, காலுக்கு அறுவை சிகிச்சை செய்து, அதோடு கருத்தடையும் தடுப்பூசியும் முடித்து என்னிடம் கொண்டுவந்து விட்டாள் என் தோழி. பல வருடமாக இதே வேலையாகத் திரிபவள். "எலும்பு கூடுற வரைக்கும் ஓடக் கூடாது, ரெண்டே மாசம் வச்சுக்கோ" என்றாள். பல்லைப் பார்த்து மூன்று வயது இருக்கலாம் என்றார் டாக்டர். புழுதியில் புரட்டி எடுத்த மாதிரி ஒரு நிறம், அதனால் தூசி.

கூண்டைத் திறந்ததும் மூன்று காலில் நொண்டியபடி வீட்டைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடி, மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் நுழைந்தவள்தான். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடி இது, நாயா பொம்மையா? அசையவே மாட்டேங்குது. பாவம், ரொம்ப சாது" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். தொட்டால் கடிக்கவில்லை, உறுமவில்லை, காதைத் தூக்கிப் பார்த்தாலும் காட்டுகிறாள். இதில் பழக்குவதற்கு என்ன இருக்கிறது?

அது சாது இல்லை. ஓடவும் வழியில்லை, எதிர்க்கவும் தெம்பில்லை என்று ஆன பிறகு உடம்பு செய்யும் கடைசி வேலை அது, உறைந்துபோவது. அன்று சாயங்காலம் தரையோடு தரையாகப் படுத்து அந்தச் சந்துக்குள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். முகம் சுவர்ப் பக்கம், ஆனால் கண்ணின் ஓரத்தில் வெள்ளை பிறை மாதிரி தெரிகிறது, அந்த ஓரக்கண் என் மேல்தான். வாயில் ஒன்றும் இல்லாமலே நாக்கு மூக்கை ஒருமுறை நக்கிவிட்டு உள்ளே போகிறது. அறை ஒன்றும் சூடாக இல்லை, ஆனால் மூச்சு வாங்குகிறது. அப்புறம் தரையைப் பார்த்தேன். அவள் கால் வைத்திருந்த டைல்ஸில் நான்கு விரலும் திட்டுமாக ஈரத் தடம். நாய்க்கு உடம்பு முழுக்க நம்மைப் போல வேர்க்காது, உள்ளங்காலில் வேர்க்கும். சாது என்று அம்மாவும் நானும் சொல்லிக்கொண்டிருந்த நேரம் முழுக்க அவளுக்கு உள்ளங்கால் வேர்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

அதற்கு அப்புறமும் தப்புதான் செய்தேன். சந்தின் வாசலில் உட்கார்ந்துகொண்டு கொஞ்சு கொஞ்சு என்று கொஞ்சினேன். அவள் பக்கமிருந்து யோசித்தால், இருந்த ஒரே வழியையும் அடைத்துக்கொண்டு ஒரு பெரிய மிருகம் உட்கார்ந்து விடாமல் சத்தம் போடுகிறது. மூன்றாம் நாள் கையில் வேகவைத்த கோழித் துண்டை வைத்து நீட்டினேன். பசி, வந்தாள். அவள் வந்த விதத்தைத்தான் சொல்ல வேண்டும். முன்பாதி உடம்பு ரப்பர் மாதிரி நீண்டு வருகிறது, பின்னங்கால் இரண்டும் ஆணி அடித்த மாதிரி அங்கேயே இருக்கிறது. கழுத்தை நீட்டி, பல் நுனியால் துண்டைக் கவ்வியவள், கவ்விய பிறகுதான் என் கை எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்தாள் போல. துண்டைப் போட்டுவிட்டுப் பின்னால் பாய்ந்து, அடிபட்ட காலைச் சுவரில் இடித்துக்கொண்டு கத்தினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தோழியிடம் போனில் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன், சிரித்தாள். "கையில குடுக்காத. தூக்கி அவளுக்குப் பின்னாடி போடு."

"பின்னாடி போட்டா இன்னும் தள்ளித்தானே போவா?"

"போகட்டும். போக முடியும்னு தெரிஞ்சாத்தான்டி வருவா."

இத்தனை நாள் நாய்களோடு இருந்து நான் கற்றுக்கொண்ட உருப்படியான விஷயம் என்றால் அந்த ஒரு வரிதான். மற்றதெல்லாம் அதன் விரிவுரை. சாப்பாட்டைக் காட்டிக் கிட்டே இழுக்கும்போது நாய்க்குள் இரண்டு ஆசை மல்லுக்கட்டுகிறது. வயிறு போ என்கிறது, பயம் வராதே என்கிறது. வயிறு ஜெயித்துக் கிட்டே வந்துவிட்டால் திடீரென்று தன் தாங்குசக்திக்கு மீறிய இடத்தில் நிற்கிறது, அங்கேதான் கடி விழும். துண்டைப் பின்னால் போட்டால் சாப்பாடும் கிடைக்கிறது, இடைவெளியும் கிடைக்கிறது. தின்றுவிட்டுத் திரும்பிப் பார்க்கும். அந்தத் திரும்பிப் பார்க்கிற நேரத்தில் எவ்வளவு தூரம் வரலாம் என்று முடிவு செய்வது நாய், நாம் இல்லை. அதற்காக மெஷினை சுவரிலிருந்து தள்ளி வைத்து, சந்துக்கு இரண்டு பக்கமும் வழி இருக்கும்படி செய்தோம். அம்மாவுக்குப் புரியவில்லை. "ஒளியறதுக்கு நீயே இடம் பண்ணிக் குடுக்கிறியா?" ஆமாம், அதேதான்.

இந்த மாதிரிப் பயத்தை எப்படிப் போக்குவது என்பது நாய்க்காரர்கள் கண்டுபிடித்தது இல்லை. 1924ல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர் பீட்டர் என்ற சின்னப் பையனுக்கு முயலைக் கண்டால் இருந்த பயத்தைப் போக்கியதைப் பற்றி எழுதினார். பையன் தனக்குப் பிடித்ததைத் தின்றுகொண்டிருக்கும்போது, முயலைக் கூண்டில் வைத்து அவன் சாப்பாடு கெடாத தூரத்தில் கொண்டுவந்து வைப்பது, நாளாக நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவது. கடைசியில் முயல் விரலைக் கொறித்தாலும் அவன் பேசாமல் இருந்தான். இன்று பயந்த நாய்களுக்குச் செய்கிற வைத்தியத்தின் எலும்புக்கூடு இதுதான்.

அதே 1924 செப்டம்பரில் ரஷ்யாவின் லெனின்கிராடில் பெரிய வெள்ளம். நாய்கள் எப்படிக் கற்றுக்கொள்கின்றன என்று ஆராய்ந்த விஞ்ஞானி பாவ்லோவின் ஆய்வுக்கூட நாய்கள் கூண்டுக்குள் மாட்டிக்கொண்டன. தண்ணீர் ஏறிக்கொண்டே போக, மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு தவித்தவற்றைக் கடைசி நேரத்தில்தான் காப்பாற்றினார்கள். அதற்குப் பிறகு சில நாய்கள் அதுவரை கற்றிருந்ததையெல்லாம் மறந்துபோயின. அதில் ஒன்று நாளடைவில் தேறியும் விட்டது. சரி, குணமாகிவிட்டது என்று பார்த்தால், ஒருநாள் கதவுக்கு அடியில் கொஞ்சம் தண்ணீரை வடிய விட்டதும் பழையபடி சரிந்துபோனது. கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான். ஒரே வருடத்தில் ஒரு பக்கம் ஒரு பையனின் பயம் போன கதை அச்சில் வருகிறது, இன்னொரு பக்கம் நாய்களுக்குப் பயம் ஏறுகிறது. தூசி குழாய்ச் சத்தத்துக்கு மூத்திரம் போனபோதெல்லாம் எனக்கு அந்த லெனின்கிராட் நாய்தான் ஞாபகத்துக்கு வரும். (அவளுக்குத் தண்ணீரில் என்ன நடந்ததோ, ஒன்றுமே நடக்காமலும் இருக்கலாம்.)

பீட்டர் கதையில் சின்னதாக ஒரு கண்ணி இருக்கிறது, நான் அதில் போய் விழுந்தேன். வரிசை. பீட்டர் தின்றுகொண்டிருக்கும்போதுதான் முயல் வந்தது, ஆனால் தூசி மாதிரி நாய்க்குப் பயப்படும் பொருள் முதலில் வர வேண்டும், சாப்பாடு அதற்குப் பின்னால் வர வேண்டும். நான் தலைகீழாகச் செய்தேன். கோழி டப்பாவைத் திறந்து ஒரு துண்டு கொடுப்பேன், அவள் தின்கிற நேரம் பார்த்துக் கழுத்தில் பட்டையை மாட்டுவேன். நான்கே நாள், டப்பா மூடி திறக்கிற சத்தம் கேட்டாலே மெஷினுக்குப் பின்னால் ஓட ஆரம்பித்துவிட்டாள். கோழியையே கெட்ட சகுனமாக்கிவிட்டேன். அதைச் சரிசெய்ய டப்பாவை மாற்றி, இடத்தை மாற்றி, பட்டையை முதலில் தரையில் வைத்து, அவள் அதைப் பார்த்ததும் ஒரு துண்டைப் போட்டு, பட்டையை எடுத்துவிட்டால் துண்டும் நின்றுபோகும் என்று வைத்து... மூன்று வாரம் ஆனது. கெடுக்க நான்கு நாள், சரிசெய்ய மூன்று வாரம்.

வீட்டுக்கு வருபவர்கள் எல்லாரும் அவளைப் பார்த்ததும் சொல்வது ஒன்றே: "யாரோ நல்லா அடிச்சிருக்காங்க, பாவம்." இருக்கலாம். ஆனால் யாருமே தொடாத நாயும் இப்படித்தான் இருக்கும். குட்டிக்குப் பிறந்து மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய 12, 14 வாரம் வரை ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது, அந்தச் சமயத்தில் பார்த்துப் பழகியதெல்லாம் உலகத்தில் சகஜமான பொருள்களாகிவிடும். 1961ல் வெளியான ஒரு ஆய்வில் குட்டிகளைத் தாயோடு வேலி போட்ட வயலில் விட்டு, மனிதர் வாடையே இல்லாமல் வளர்த்தார்கள். நடுவில் வெவ்வேறு வாரங்களில் எடுத்துப் பழக்கிய குட்டிகள் மனிதரோடு ஒட்டிக்கொண்டன, 14 வாரம் வரை விட்ட குட்டிகளோ மனிதரைக் கண்டாலே ஒதுங்கின. யாரும் அவற்றை அடிக்கவில்லை. பிறவியும் கொஞ்சம் உண்டு. பெல்யாயேவ் என்ற ரஷ்ய மரபியலாளர் 1959ல் சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்கில் நரிகளை வைத்து ஆரம்பித்த சோதனையில், மனிதரைக் கண்டு மிகக் குறைவாகப் பயந்தவற்றை மட்டும் இனப்பெருக்கம் செய்ய, சில தலைமுறைகளிலேயே வாலாட்டும் நரிகள் பிறந்தன. பயமின்மையைப் பொறுக்கி எடுக்க முடிகிறது என்றால் பயமும் ரத்தத்தில் வருகிறது என்றுதானே அர்த்தம். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அடித்தவனைப் பற்றிய கதையை நாமாகக் கட்டிக்கொண்டால் நம்முடைய அன்பு அதைத் தீர்த்துவிடும் என்ற எதிர்பார்ப்பும் கூடவே வந்துவிடும். ஆறு மாதத்தில் தீரவில்லை என்றால் நாய் மேல் ஒரு மனக்குறை வரும். நான் பார்த்திருக்கிறேன், எனக்கே வந்திருக்கிறது.

இரண்டாவது மாதத்தில் முதல்முறையாக என்னைப் பார்த்து உறுமினாள். காலில் இருந்த தையல் தழும்பைப் பார்க்கக் குனிந்தேன். மேலுதடு லேசாக மடங்கி, தொண்டைக்குள் டிராக்டர் ஸ்டார்ட் ஆகிற மாதிரி ஒரு சத்தம். நான் கையை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன், தோழிக்குப் போன் போட்டு ஏதோ பரிசு வாங்கின மாதிரி சொன்னேன். உறைந்து கிடந்தவளுக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வந்திருக்கிறது. உறுமுகிற நாயை அதட்டி அடக்குபவர்கள், மணி அடிக்காமல் வரும் ரயிலைத் தயார் செய்கிறார்கள். எச்சரிக்கையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கடி மட்டும்தான். கடி என்றதும் ஒன்று: இந்த வேலையில் இறங்குபவர்கள் வெறிநாய்க்கடித் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்வது நல்லது. அப்படிப் போட்டிருந்தாலும், கடித்தாலோ கீறினாலோ ஓடுகிற தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே டாக்டரிடம் போக வேண்டும். நம்ம நாய்தானே என்று இருந்துவிடக் கூடாது.

இனி என் மானம் போன கதை. கால் ஆறிவிட்டது, வீட்டுக்குள் என் பின்னால் நான்கடி தள்ளி நடக்கவும் ஆரம்பித்துவிட்டாள். சரி, வெளியே கூட்டிப் போகலாம் என்று சாதாரணக் கழுத்துப்பட்டையும் ஒரு கயிறும் மாட்டி ஒருநாள் விடியற்காலையில் கிளம்பினேன். தோழி பத்துத் தடவையாவது சொல்லியிருந்தாள், பயந்த நாய்க்கு இரண்டு கயிறு, ஒன்று இழுத்தால் இறுகும் பட்டையில், இன்னொன்று உடம்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸில், இரண்டும் வெவ்வேறு கையில் என்று. எனக்கு அவசரம். எங்கோ ஒரு கதவு காற்றில் அடித்துச் சாத்தியது. அவள் முன்னால் ஓடவில்லை, அதுதான் எனக்குத் தெரியாத விஷயம். பின்னால் போனாள். என்னைப் பார்த்தபடியே தலையைத் தாழ்த்தி, காதை ஒட்டவைத்து, இரண்டு எட்டு பின்னால். பட்டை காதைத் தாண்டி, நெற்றியைத் தாண்டி, சுளுவாகக் கழன்றது. ஒரு நொடி இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். நான் "தூசீ!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். உலகத்தில் அந்த நேரத்தில் செய்யக்கூடாத காரியம் அது ஒன்றுதான்.

மூன்று நாள். முதல் நாள் தெரிந்தவர்கள் எல்லாம் சேர்ந்து தேடினோம், இரண்டு இடத்தில் கண்ணில் பட்டாள், இரண்டு முறையும் யாரோ ஒருவர் ஆர்வத்தில் கூப்பிட்டுக்கொண்டே கிட்டே போக, இன்னும் தூரத்துக்கு ஓடினாள். இரவு தோழி வந்து எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். ஓடுகிற பயத்தில் இருக்கும் நாய்க்கு வளர்த்தவரையே அடையாளம் தெரியாமல் போகலாம், கூப்பிடுகிற குரலும் துரத்துகிற குரல்தான். அவள் கடைசியாகத் தென்பட்ட இடத்தில் சாப்பாடும், நான் துவைக்காமல் வைத்திருந்த ஒரு பழைய சட்டையும் வைத்தோம், பக்கத்தில் பொறிக்கூண்டு, கதவு மூடாதபடி கட்டிவைத்து. இரவில் வந்து தின்றுவிட்டுப் போனாள். மறுநாள் சாப்பாட்டைக் கூண்டின் வாசலுக்கு நகர்த்தினோம். ஏற்கெனவே ஒருமுறை பொறிக்கூண்டில் மாட்டியவள், உள்ளே நுழைய மாட்டாள் என்று எனக்குப் பயம்.

மூன்றாம் நாள் விடியலில் எங்கள் கிழட்டு நாய் மணியையும் கூட்டிக்கொண்டு போனேன். மணியைப் பற்றி இதுவரை சொல்லவில்லை, அவனும் வீட்டில்தான் இருந்தான், பெரும்பாலும் தூங்கிக்கொண்டு. 17 நாள் கழித்து அவளை வெளியே வரவைத்ததே உண்மையில் அவன்தான். நான் மணிக்குத் தின்னக் கொடுப்பதையும், அவன் என் மடியில் தலையை வைத்துக் குறட்டை விடுவதையும் சந்துக்குள்ளிருந்து பார்த்துப் பார்த்து, இந்த மிருகம் நாயைத் தின்னாது போலிருக்கிறது என்று அவளாக ஒரு முடிவுக்கு வந்திருப்பாள். அன்று கூண்டிலிருந்து நன்றாகத் தள்ளி, தூசி வரும் திசைக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தேன். மணியை வருடிக்கொண்டு, அவனுக்கு ஒரு துண்டு, எனக்குப் பின்னால் ஒரு துண்டு என்று போட்டுக்கொண்டிருந்தேன். திரும்பவில்லை, கூப்பிடவில்லை. எவ்வளவு நேரம் ஆனதோ, மணியின் வால் தரையைத் தட்ட ஆரம்பித்தது. அப்புறம் என் முதுகில் சட்டைக்கு மேல் ஈரமாக ஒரு மூக்கு. கயிற்றை மாட்ட இன்னும் அரை மணி நேரம். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் எனக்குக் கை நடுங்க ஆரம்பித்தது, அவள் நேராக மெஷினுக்குப் பின்னால் போய்ப் படுத்துத் தூங்கிவிட்டாள்.

தோலுக்கு அடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப் அவளுக்கு ஏற்கெனவே இருந்தது, ஆனால் யாராவது பிடித்தால்தானே சிப்பைப் படிக்க முடியும்.

அதற்குப் பிறகு இறங்குமுகம். மறுபடி இரவில் மட்டும் வெளியே வருவது, மறுபடி ஈரத் தடம். டாக்டர் ஃப்ளூஆக்ஸெடின் எழுதிக் கொடுத்தார். சொந்தக்காரர் ஒருவர் "நாய்க்கு எதுக்கும்மா மனசுக்கு மாத்திரை, கொஞ்சம் அன்பு காட்டினா போதாதா" என்றார். நாய் காலொடிந்து கிடந்தபோது அன்பு போதும் என்று யாரும் சொல்லவில்லை. மாத்திரை பயத்தை அழித்துவிடாது, நாய் புதிதாக எதையாவது கற்றுக்கொள்ள முடிகிற அளவுக்கு அந்தப் பயத்தைக் கீழே இறக்கி வைக்கும், அதுவும் நான்கு முதல் ஆறு வாரம் போன பிறகுதான் வித்தியாசமே தெரியும். நாமாக வாங்கிக் கொடுக்கக் கூடாது, நாமாக நிறுத்தவும் கூடாது. மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்கு எல்லாரும் சொல்வார்கள், அதற்குள் நாய் வீட்டோடு ஒன்றிவிடுமாம். சாதாரண நாய்க்கு அது ஆறுதலான கணக்காக இருக்கலாம். தூசிக்கு மூன்றாவது மாதம் முடிந்தபோது நாங்கள் முதல் வாரத்தில் இருந்தோம்.

இவளைத் திரும்பத் தெருவிலேயே விட்டிருக்கலாமோ என்று அந்த நாட்களில் நிறைய யோசித்தேன். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். தெருவிலேயே பிறந்து வளர்ந்து, தனக்கென்று ஒரு கூட்டமும் இடமும் சோறு போட ஆளும் இருக்கிற பெரிய நாயைப் பிடித்து நான்கு சுவருக்குள் வைப்பது அதற்குச் செய்யும் உதவி என்று நான் நினைக்கவில்லை. கருத்தடை, தடுப்பூசி, பிடித்த இடத்திலேயே திரும்ப விடுவது, பல நாய்களுக்கு அதுதான் சரி. தூசிக்குத் திரும்பிப் போக இடம் இல்லை, அவள் இருந்த இடத்தில் சாலையை அகலப்படுத்தி லாரிகள் ஓட ஆரம்பித்துவிட்டன. அதனால்தான் இருக்கிறாள். இல்லையென்றால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை.

இப்போது ஒன்றரை வருடம் ஆகிறது. என் மடியில் வந்து உட்கார மாட்டாள், விருந்தாளி வந்தால் எழுந்து உள்ளறைக்குப் போய்விடுவாள். ஓடுவதில்லை, நடந்து போவாள், வாசலில் ஒருமுறை நின்று திரும்பிப் பார்த்துவிட்டு. முன்பெல்லாம் இதைக் குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், இப்போது வருபவர்களிடம் பெருமையாகச் சொல்கிறேன்.

மெஷின் கதை தனி. நான்கு மாதம் ஆனது. முதலில் ஆன் செய்யும் 'பீப்' மட்டும், உடனே ஒரு துண்டு, உடனே ஆஃப். அப்புறம் மணியோடு தூர அறையில் இருக்கும்போது தண்ணீர் விழும் சத்தம், ஒரு துண்டு. அப்புறம் டிரம் ஒரு சுற்று. ஆடி அதிர்ந்து பிழிகிற அந்தக் கடைசிக் கட்டத்துக்கு மட்டுமே ஆறு வாரம். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது உள்ளே துணி ஓடுகிறது. இப்போதுதான் பிழிய ஆரம்பித்தது, தரை லேசாக அதிர்கிறது. மேஜைக்கு அடியில் படுத்திருந்தவள் தலையைத் தூக்கி மெஷின் பக்கம் ஒருமுறை பார்த்தாள். அப்புறம் என் கையைப் பார்க்கிறாள். டப்பா சமையலறையில் இருக்கிறது, எழுந்து போய்த்தான் எடுத்துவர வேண்டும்.